ஒரே வம்சம், பத்து அரண்மனை: எர்னஸ்டைன் டியூக்குகளின் பாகப்பிரிவினைகளைக் குழம்பாமல் பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

இசைமேதை பாக் 1685-ல் பிறந்த ஐசனாக் அப்போது ஒரு தனி டச்சி, அதாவது ஒரு டியூக் ஆளும் சிறுநாடு. பின்னாளில் அவர் வேலை பார்த்த வைமார் இன்னொரு டச்சி. விக்டோரியா மகாராணியைக் கைப்பிடித்த ஆல்பர்ட் கோபர்க் வீட்டுப் பிள்ளை. இங்கிலாந்து மன்னர் நான்காம் வில்லியமின் மனைவி அடிலெய்ட் மைனிங்கன் வீட்டுப் பெண். ஆஸ்திரேலிய நகரத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். மியூனிக்கின் அக்டோபர் திருவிழா 1810-ல் தொடங்கியது ஹில்ட்பர்க்ஹவுசன் இளவரசி தெரேசாவின் கல்யாணக் கொண்டாட்டத்தில். ஜெர்மனியின் நடுவில் துரிங்கியாவிலும் அதன் தெற்கு ஓரத்திலும் இருக்கும் இந்த ஊர்கள் எல்லாவற்றையும் ஆண்டது ஒரே வம்சம்: வெட்டின் வம்சத்தின் எர்னஸ்டைன் கிளை.

ஐரோப்பிய வரலாறு படிக்கிறவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் ஒரு வரைபடத்தைத் திறப்பார்கள். ஒரு கைக்குட்டை அளவு பரப்பில் இருபது நிறம், திட்டுத்திட்டாக. பத்து நிமிடத்தில் மூடிவிடுவார்கள். வரைபடம் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியவை சாவுகள். யார் இறந்தார், எத்தனை மகன்களை விட்டுச் சென்றார், மகன் இல்லையென்றால் நெருங்கிய பங்காளி யார் என்ற வரிசையில் போனால் இருநூறு முந்நூறு ஆண்டுக் குழப்பம் ஒரே தாளில் அடங்கிவிடும்.

முதல் படி: ஊர்களை வைத்து அட்டவணை போடுங்கள்

ஒரு பெரிய தாளை எடுங்கள். மேலே இடமிருந்து வலமாக அரண்மனை ஊர்களை எழுதுங்கள்: வைமார், ஐசனாக், யேனா, கோத்தா, ஆல்டன்பர்க், கோபர்க், மைனிங்கன், ரோம்ஹில்ட், ஐசன்பெர்க், ஹில்ட்பர்க்ஹவுசன், சால்ஃபெல்ட். பக்கவாட்டில் ஆண்டுகள்: 1485, 1547, 1572, 1596, 1603, 1640, 1672, 1680, 1735, 1741, 1826, 1918. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆண்டில் அந்த ஊர் யார் கையில் என்று எழுதிக்கொண்டே வந்தால் போதும்.

ஆட்களை வைத்து வம்சவிருட்சம் போடத் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். எர்ன்ஸ்ட், யோஹான், பிரெடரிக், வில்ஹெல்ம் என்ற நாலைந்து பெயர்களைத்தான் இவர்கள் மாற்றி மாற்றி வைத்தார்கள். யோஹான் எர்ன்ஸ்ட் என்ற பெயரில் மட்டும் ஒரு கூட்டமே உண்டு. (பக்கத்து ராய்ஸ் வம்சத்தில் பிறந்த ஆண்கள் எல்லோருக்குமே ஹைன்ரிஷ் என்றுதான் பெயர். அதைப் பார்த்தால் இவர்கள் பரவாயில்லை.) கூடவே, இந்தக் கிளையில் பிறந்த ஒவ்வொரு ஆணும் பிறப்பாலேயே ‘சாக்சனியின் டியூக்’. கையில் ஒரு கிராமம்கூட இல்லாத கடைசித் தம்பிக்கும் அதே பட்டம். ஆகவே ஓர் ஆவணத்தில் ‘சாக்சனி டியூக்’ என்று கண்டால் அவர் எந்த நிலத்தை ஆண்டார் என்று அதைவைத்து முடிவுகட்ட முடியாது.

இரண்டு எச்சரிக்கைகளைத் தாளின் மூலையில் எழுதி வையுங்கள். ஐசனாக் வேறு, ஐசன்பெர்க் வேறு. அடுத்தது நாள்காட்டி: ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் நாடுகள் 1700 பிப்ரவரி வரை பழைய ஜூலியன் கணக்கில் இருந்தன. அதனால் 17-ஆம் நூற்றாண்டு நிகழ்வு ஒன்றுக்கு இரண்டு நூல்கள் பத்து நாள் வித்தியாசத்தில் தேதி சொன்னால் பதற வேண்டாம்.

இரண்டாம் படி: ஆண்டுகளுக்கு முன்னால் விதிகள்

நிலம் இவர்களுடைய சொந்தச் சொத்து அல்ல. சட்டப்படி அது புனித ரோமப் பேரரசரிடமிருந்து பெற்ற மானியம். அந்த மானியத்தை வம்சத்து ஆண்கள் எல்லோரும் சேர்ந்து கூட்டாகப் பெற்றுக்கொள்வது வழக்கம். இதுதான் முழுக்கதைக்கும் சாவி. அண்ணனும் தம்பியும் ஊர்களைப் பிரித்துக்கொண்டாலும் மொத்த நிலத்தின் மீதும் இருவருக்கும் உரிமை தொடர்கிறது. ஒருவர் மகனில்லாமல் இறந்தால் நிலம் பேரரசருக்குத் திரும்பாது; பங்காளி வீட்டுக்குப் போகும். பிரித்தது வருமானத்தையும் நிர்வாகத்தையும் அரண்மனையையும்தான். 1680-ல் பத்துத் துண்டாக இருந்தது 1826-ல் நான்காகக் குறுகியதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

பிரிவினையிலும் வகைகள் உண்டு. சகோதரர்கள் ஒன்றாகவே ஆள்வது ஒன்று. ஆட்சியைப் பிரிக்காமல் வருமானத்தையும் அன்றாட நிர்வாகத்தையும் மட்டும் சில ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொள்வது இன்னொன்று. 1513-ல் எர்னஸ்டைன் கிளையின் பிரெடரிக்கும் அவர் தம்பி யோஹானும் செய்துகொண்டது இப்படிப்பட்ட ஏற்பாடு. தம்பி வைமாரில் தன் அரண்மனையை வைத்துக்கொண்டார். மூன்றாவது, நிரந்தரப் பிரிவினை. அதிலும் சில சொத்துகள் பொதுவில் நின்றன. யேனா பல்கலைக்கழகத்தைப் பங்காளிகள் கூட்டாகவே நடத்தினார்கள், 1918 வரை. வம்சத்தின் பொது ஆவணக் காப்பகம் வைமாரில் இருந்தது. எந்தப் பிரிவினையைப் படித்தாலும் ‘எது பிரிக்கப்படவில்லை’ என்று கேளுங்கள். சுவாரசியம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பெண்களுக்கு நிலத்தில் பங்கில்லை. சீரும் ஜீவனாம்சமும் மட்டும். மகனாக இருந்தாலும் தாய் சம அந்தஸ்துள்ள குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும். மைனிங்கனில் அது என்ன பாடு படுத்தியது என்று பிறகு பார்ப்போம்.

ஒரே ஒரு விதிவிலக்கு: பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏழு பேருக்கு மட்டும் இருந்தது. அந்தத் தேர்வாளர் பதவியோடு ஒட்டிய நிலத்தைப் பிரிக்கக் கூடாது, அது மூத்த மகனுக்கே போக வேண்டும் என்று 1356-ஆம் ஆண்டின் பொன் ஆணை சொன்னது. சாக்சனித் தேர்வாளர் பதவி 1423-ல் வெட்டின் வம்சத்துக்கு வந்தது. விட்டன்பெர்க்கைச் சுற்றியிருந்த பகுதிதான் அதற்கான நிலம். மற்ற ஊர்களையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம். இதைத் தொட முடியாது.

மூன்றாம் படி: 1485, அண்ணன் பிரிக்க, தம்பி எடுக்க

எர்ன்ஸ்ட், ஆல்பிரெக்ட் இருவரும் சிறுவர்களாக இருந்தபோது 1455-ல் ஆல்டன்பர்க் கோட்டையிலிருந்து கடத்தப்பட்டு மீட்கப்பட்டவர்கள். கடத்திய குன்ஸ் ஃபான் கௌஃபுங்கனின் தலை ஃபிரைபெர்க்கில் வெட்டப்பட்டது. தந்தை 1464-ல் இறந்த பிறகு இருவரும் சேர்ந்தே ஆண்டார்கள். 1482-ல் சித்தப்பா வில்ஹெல்ம் மகனில்லாமல் இறந்ததும் துரிங்கியாவும் இவர்கள் கைக்கு வந்தது. நிலம் பெருகியபின் ஒற்றுமை மூன்று ஆண்டுகூட நிற்கவில்லை.

1485-ல் லைப்சிக்கில் பிரித்தார்கள். மூத்தவர் இரண்டு பங்காகப் பிரிக்க வேண்டும், இளையவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சாக்சனி வழக்கம். தேர்வாளர் நிலமான விட்டன்பெர்க் விதிப்படி எர்ன்ஸ்டுக்கு. மீதியில் தம்பி ஆல்பிரெக்ட் தேர்ந்தெடுத்தது டிரெஸ்டன், லைப்சிக் உள்ளிட்ட மைசன் பங்கு. எர்ன்ஸ்டுக்கு வைமார், கோத்தா, ஐசனாக், கோபர்க், ஆல்டன்பர்க் முதலியவை. நடுவில் ஒரு கோடு போட்டு வெட்டியிருந்தால் நமக்கு வேலை மிச்சம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒருவர் நிலம் மற்றவர் நிலத்துக்குள் நுழைந்து கிடந்தது. ஷ்னீபெர்க் வெள்ளிச் சுரங்கங்களை மட்டும் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். பணம் கொட்டுகிற இடத்தைப் பிரிக்க யாருக்கும் துணிவில்லை.

இங்கிருந்துதான் எர்னஸ்டைன், ஆல்பர்டைன் என்ற இரண்டு கிளைகள். பல்கலைக்கழக நகரமான லைப்சிக் தம்பி பக்கம் போய்விட்டதால், எர்ன்ஸ்டின் மகன் பிரெடரிக் 1502-ல் விட்டன்பெர்க்கில் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். மார்ட்டின் லூதர் பேராசிரியராக வந்து சேர்ந்தது அங்கே. பாகப்பிரிவினை இல்லையென்றால் லூதருக்கு விட்டன்பெர்க் மேடை கிடைத்திருக்குமா என்பது யோசிக்கத் தக்க கேள்வி.

ஆல்பிரெக்ட் இன்னொரு காரியமும் செய்தார். தன் வீட்டில் இனி பிரிவினை வேண்டாம் என்று 1499-லேயே ஏற்பாடு எழுதினார். பின்னாளில் ஆல்பர்டைன் வீட்டிலும் வைசன்ஃபெல்ஸ், மெர்செபர்க், சைட்ஸ் என்று இளைய மகன்களுக்குத் தனி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் அவை 1746-க்குள் தலைமை வீட்டுக்கே திரும்பின. டிரெஸ்டன் பெருநகரமானதற்கும் துரிங்கியா சிற்றரண்மனைகளின் நாடானதற்கும் வேர் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

நான்காம் படி: 1547, எல்லாம் மாறிய ஆண்டு

எர்ன்ஸ்டின் பேரன் யோஹான் பிரெடரிக் புராட்டஸ்டண்ட் கூட்டணியின் தலைவர்களில் ஒருவர். ஆல்பிரெக்டின் பேரன் மோரிட்ஸும் புராட்டஸ்டண்ட்தான். ஆனால் கத்தோலிக்கப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பக்கம் சேர்ந்தார். 1547 ஏப்ரல் 24 அன்று முல்பெர்க் போரில் யோஹான் பிரெடரிக் முகத்தில் காயத்தோடு பிடிபட்டார். மரண தண்டனை விதித்து, அதைக் காட்டியே மே மாதம் விட்டன்பெர்க்கில் கையெழுத்து வாங்கினார்கள். தேர்வாளர் பதவியும் விட்டன்பெர்க்கும் மோரிட்ஸுக்குப் போயின. எர்னஸ்டைன் வீட்டுக்குத் துரிங்கியத் துண்டுகள் மிஞ்சின. ஆல்டன்பர்க் மட்டும் 1554-ல் நவும்பர்க் ஒப்பந்தத்தில் திரும்பக் கிடைத்தது. விட்டன்பெர்க் பல்கலைக்கழகம் கைவிட்டுப் போனதால் யேனாவில் 1548-ல் உயர்கல்விக் கூடம் தொடங்கி, 1558-ல் அதைப் பல்கலைக்கழகமாக்கினார்கள்.

அட்டவணையில் இந்த வரிசைக்கு அடியில் தடித்த கோடு போடுங்கள். தேர்வாளர் பதவி போனதோடு, பிரிக்கக் கூடாது என்று தடுத்த ஒரே சட்டமும் போய்விட்டது. இனி எல்லாவற்றையும் வெட்டலாம்.

ஐந்தாம் படி: 1572 முதல் 1672 வரை

இந்த நூறு ஆண்டை வேகமாகக் கடந்துவிடலாம். யோஹான் பிரெடரிக்கின் மூத்த மகன், இழந்த பதவியை மீட்கும் ஆசையில் வில்ஹெல்ம் ஃபான் கிரும்பாக் என்ற கலகக்காரப் பிரபுவுக்கு அடைக்கலம் கொடுத்தார். 1567-ல் கோத்தா முற்றுகையிடப்பட்டு வீழ்ந்தது. கிரும்பாக்கை ஊர்ச் சந்தையில் நான்கு கூறாக்கிக் கொன்றார்கள்; கோட்டையை இடித்தார்கள்; டியூக் 1595-ல் சாகும்வரை சிறையிலேயே இருந்தார். அவருடைய சிறுவயது மகன்களுக்கும் தம்பி யோஹான் வில்ஹெல்முக்கும் இடையே 1572-ல் எர்ஃபர்ட்டில் பிரிவினை நடந்தது: மகன்களுக்குக் கோபர்க்கும் ஐசனாக்கும், தம்பிக்கு வைமார்.

1596-ல் அந்த மகன்கள் இருவரும் கோபர்க், ஐசனாக் என்று தனித்தனியாகப் பிரிந்தார்கள். ஒருவர் 1633-லும் மற்றவர் 1638-லும் வாரிசில்லாமல் இறந்தார்கள். வைமார் பக்கம் 1603-ல் ஆல்டன்பர்க் தனியாகப் பிரிந்தது. வைமாரின் யோஹான் 1605-ல் இறந்தபோது எட்டு மகன்கள். முப்பதாண்டுப் போரும் நோயும் அவர்களில் ஐந்து பேரைக் கொண்டுபோயின. புகழ்பெற்ற தளபதி பெர்ன்ஹார்ட் அவர்களில் ஒருவர். 1640-ல் மிஞ்சிய மூவர் பிரித்துக்கொண்டார்கள்: வில்ஹெல்முக்கு வைமார், ஆல்பிரெக்டுக்கு ஐசனாக், எர்ன்ஸ்டுக்குக் கோத்தா. ஆல்பிரெக்ட் 1644-ல் மகனில்லாமல் போக, இருவராயினர். 1672-ல் ஆல்டன்பர்க் வீடும் அற்றுப்போனது. அதன் பெரும்பகுதியை எர்ன்ஸ்ட் பெற்றார். அவர் மனைவி ஆல்டன்பர்க் வீட்டுப் பெண்.

இதற்குப் பின் நினைவில் வைக்க வேண்டிய பெருவீடுகள் இரண்டே: வைமார், கோத்தா.

ஆறாம் படி: 1680, ஏழு மகன்கள்

பக்திமான் என்று பெயரெடுத்த இந்தக் கோத்தா எர்ன்ஸ்ட், போரில் சிதைந்த நாட்டைத் தூக்கி நிறுத்தியவர். 1642-ல் வெளியான அவருடைய பள்ளி விதிகள் கிராமத்து ஆண், பெண் பிள்ளைகள் இரு பாலாரையும் பள்ளிக்கு வரச் சொல்லின. போர் நடந்துகொண்டிருந்த 1643-லேயே ஃபிரீடன்ஸ்டைன் அரண்மனையைக் கட்டத் தொடங்கினார். ‘அமைதிக் கல்’ என்று பொருள்படும் பெயர். ஆனால் வீட்டுக்குள் அமைதிக்கு வழி செய்யவில்லை. தலைமகன் உரிமையை அறிவிக்காமல், ஏழு மகன்களும் மூத்தவர் தலைமையில் கூட்டாக ஆளவேண்டும் என்று விட்டுவிட்டு 1675-ல் இறந்தார்.

ஏழு குடும்பம் ஒரே அரண்மனையில் எத்தனை நாள் இருக்கும்? 1680-ல் பிரிந்தார்கள். வயது வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்: பிரெடரிக் கோத்தாவும் ஆல்டன்பர்க்கும்; ஆல்பிரெக்ட் கோபர்க்; பெர்ன்ஹார்ட் மைனிங்கன்; ஹைன்ரிஷ் ரோம்ஹில்ட்; கிறிஸ்டியான் ஐசன்பெர்க்; எர்ன்ஸ்ட் ஹில்ட்பர்க்ஹவுசன்; யோஹான் எர்ன்ஸ்ட் சால்ஃபெல்ட். பெயரளவில் எல்லோரும் டியூக். அதிகாரத்தில் அப்படியில்லை. ரோம்ஹில்ட், ஐசன்பெர்க், சால்ஃபெல்ட் போன்ற சிறு பங்குகளின் மேல்நிலை அரசு உரிமைகள் கோத்தாவிடமே நின்றன. தம்பிகளுக்கு இது தீராத மனக்குறை.

இதே காலத்தில் வைமார் பக்கமும் வைமார், ஐசனாக், யேனா என்று மூன்றாக இருந்தது. ஆக 1680-ல் எர்னஸ்டைன் டச்சிகள் மொத்தம் பத்து. இதுதான் உச்சம்.

டியூக் என்றால் அரண்மனை வேண்டும், தேவாலயம் வேண்டும், இசைக்குழு வேண்டும், காவற்படை வேண்டும். சில ஆயிரம் குடியானவர் வரியில் இதெல்லாம் நடக்க வேண்டும். ஐசன்பெர்க்கின் கிறிஸ்டியான் ரசவாதத்தில் பொன் செய்யப் பார்த்தார். 1707-ல் கடனோடு இறந்தார். ஹில்ட்பர்க்ஹவுசனுக்கு 1769-ல் பேரரசர் கடன் ஆணையத்தையே அனுப்ப வேண்டியிருந்தது. கோபர்க்கிலும் விரைவில் அதே கதை. மறுபக்கம், இன்று துரிங்கியாவில் சிற்றூர்களில்கூட அரண்மனையும் நாடகக் கொட்டகையும் நல்ல நூலகமும் இருப்பதற்கு இந்த ஊதாரித்தனமும் ஒரு காரணம். வரி கட்டியவர்கள் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஏழாம் படி: அற்றுப்போன வீடுகள், முற்றிய சண்டைகள்

மூன்று சகோதரர்கள் அடுத்தடுத்து மகனில்லாமல் இறந்தார்கள்: கோபர்க் 1699, ஐசன்பெர்க் 1707, ரோம்ஹில்ட் 1710. மிஞ்சிய நான்கு வீடுகளும் வழக்காடின. 1735-ல் பேரரசர் தரப்பில் முடிவு வரும்வரை விவகாரம் இழுத்தது. கோபர்க் சால்ஃபெல்ட் வீட்டுக்கு, ஐசன்பெர்க் கோத்தாவுக்கு. ரோம்ஹில்டை மைனிங்கனும் சால்ஃபெல்டும் பங்கிட்டுக்கொண்டன. கடைக்குட்டியின் வீடு கோபர்க்–சால்ஃபெல்ட் ஆனது இப்படித்தான்.

வைமார் பக்கம் யேனா வீடு 1690-லும் ஐசனாக் வீடு 1741-லும் அற்றுப்போக, எல்லாம் வைமாருக்கே சேர்ந்தன. இடையில் வைமாரில் ஒரு கூட்டாட்சி. பெரியப்பா வில்ஹெல்ம் எர்ன்ஸ்டும் தம்பி மகன் எர்ன்ஸ்ட் ஆகஸ்டும் ஒரே ஊரில் இரண்டு அரண்மனையில் இருந்துகொண்டு முறைத்துக்கொண்டார்கள். நடுவில் மாட்டியவர் பாக். இளையவரின் மைத்துனரான கோத்தன் நாட்டு (கோத்தா அல்ல, வேறொரு சிறுநாடு) லியோபோல்ட் வேலைக்கு அழைத்தார். விடுவிக்கச் சொல்லி வற்புறுத்திய பாக்கைப் பெரியவர் 1717 நவம்பர் 6 முதல் டிசம்பர் 2 வரை சிறையில் வைத்துவிட்டு அனுப்பினார். கூட்டாட்சி என்றால் அன்றாட வாழ்க்கையில் என்ன என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. பட்டது போதும் என்றோ என்னவோ, எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் வைமாரில் தலைமகன் உரிமையைக் கொண்டுவந்தார். 1724-ல் அது உறுதியானது. கோத்தா இதை 1680-களிலேயே செய்துவிட்டது.

மைனிங்கன் கதைக்குச் சற்று நின்று நிதானித்துப் போகவேண்டும். அங்கே அன்டன் உல்ரிஷ் என்ற இளைய டியூக் 1711-ல் ஃபிலிப்பைன் சீசர் என்ற பெண்ணை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் ஒரு படைத்தலைவரின் மகள். டியூக் குலம் கிடையாது. பங்காளிகள் எல்லோரும் எதிர்த்து நின்றார்கள். பேரரசரைப் பிடித்து 1727-ல் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் இளவரச அந்தஸ்து வாங்கினார் அன்டன் உல்ரிஷ். அடுத்து வந்த பேரரசர்கள் அதைக் கவிழ்த்தார்கள். 1747-ல் அந்தக் குழந்தைகளுக்கு வாரிசு உரிமை இல்லை என்று முடிவானது. பங்காளிகளுக்கு நிம்மதி: கிழவர் போனதும் மைனிங்கன் நமக்கு.

அதே 1747-ல் வாசுங்கன் போர். மைனிங்கன் அரண்மனையில் இரண்டு சீமாட்டிகளுக்குள் யார் முன்னால் நடப்பது என்று தகராறு. அப்போது ஆண்டுகொண்டிருந்த டியூக் அன்டன் உல்ரிஷ் ஒருவர் பக்கம் சாய்ந்து, மற்றவரையும் அவர் கணவரையும் சிறையில் போட்டார். விவகாரம் பேரரசின் நீதிமன்றத்துக்குப் போய், ஆணையை நிறைவேற்றும் பொறுப்பு கோத்தாவுக்கு வந்தது. கோத்தாப் படை மைனிங்கன் எல்லைக்குள் இருக்கும் வாசுங்கன் என்ற சிற்றூரைப் பிடித்து உட்கார்ந்தது. சிரிப்பாக இருக்கும், ஆனால் வாரிசு ஏக்கமும் பங்காளிப் பகையும் அடியில் கனன்றுகொண்டிருந்ததால்தான் நடைவரிசைச் சண்டை படையெடுப்பாக முற்றியது. 1748-ல் வைமாரில் சிறுவன் ஒருவன் வாரிசாக நிற்க, அவனுக்குப் பாதுகாவலராகும் கோரிக்கையை மைனிங்கன் கைவிட்டது, கோத்தாவும் இறங்கிவந்தது.

அன்டன் உல்ரிஷ் சும்மா இருக்கவில்லை. முதல் மனைவி 1744-லேயே இறந்திருந்தார். 1750-ல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, ஹெஸ்ஸன்–ஃபிலிப்ஸ்தால் இளவரசி சார்லட் அமாலியைக் கட்டிக்கொண்டார். இந்தமுறை குலத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. எட்டுக் குழந்தைகள் பிறந்தன. அவர்களில் கார்ல், கியோர்க் என்ற இரு மகன்கள் பின்னால் மைனிங்கனை ஆண்டார்கள். காத்திருந்த பங்காளிகள் ஏமாந்தார்கள். 1918 வரை மைனிங்கனை ஆண்டவர்கள் எல்லோரும் அந்தப் பிடிவாதக் கல்யாணத்தின் வழி வந்தவர்கள்.

எட்டாம் படி: 1826, கடைசி மறுபங்கீடு

1825 பிப்ரவரியில் கோத்தா–ஆல்டன்பர்க் வீட்டின் கடைசி டியூக் நான்காம் பிரெடரிக் இறந்தார். அவருடைய அண்ணன் ஆகஸ்டுக்கு லூயிஸ் என்று ஒரே மகள். பெண் என்பதால் நிலத்துக்கு வாரிசு இல்லை. அவரைக் கட்டியிருந்தவர் கோபர்க்–சால்ஃபெல்டின் எர்ன்ஸ்ட். தம்பதியர் பிரிந்துவிட்டிருந்தார்கள்; 1826-ல் விவாகரத்தும் ஆனது. இந்தத் தம்பதியின் இளைய மகன்தான் ஆல்பர்ட்.

கோத்தா எர்ன்ஸ்டின் வழிவந்த வீடுகளுக்கு மட்டுமே உரிமை. வைமார் தூரத்துப் பங்காளி, அதனால் இல்லை. மைனிங்கன், ஹில்ட்பர்க்ஹவுசன், கோபர்க்–சால்ஃபெல்ட் மூன்றும் மோதின. சாக்சனி மன்னர் பிரெடரிக் ஆகஸ்ட் மத்தியஸ்தம் செய்து 1826 நவம்பர் 12 அன்று முடித்துவைத்தார். ஆல்பர்டைன் வீட்டுக்காரர் எர்னஸ்டைன் வழக்கைத் தீர்த்ததைக் கவனியுங்கள்.

கோபர்க் டியூக் சால்ஃபெல்டை விட்டுக்கொடுத்துக் கோத்தாவைப் பெற்றார். ஹில்ட்பர்க்ஹவுசன் டியூக் தன் பழைய ஊரை விட்டுவிட்டு ஆல்டன்பர்க்குக் குடிபெயர்ந்தார். அந்த இரண்டு வீடுகளும் விட்ட சால்ஃபெல்டும் ஹில்ட்பர்க்ஹவுசனும் மைனிங்கனுக்கு. ஆக மூன்று வீடு, மூன்றும் உருமாறின.

இங்கே பலரும் இடறும் இடம் ஒன்று: கோபர்க்–சால்ஃபெல்டின் மூன்றாம் எர்ன்ஸ்டும் கோபர்க்–கோத்தாவின் முதலாம் எர்ன்ஸ்டும் ஒரே ஆள். நாடு மாறியதும் எண்ணும் மாறிவிட்டது. இன்னொன்று, கோபர்க்கும் கோத்தாவும் ஒரே நாடாக இணைந்துவிடவில்லை. ஒரே டியூக்கின் கீழ் இரண்டு டச்சிகள், இரண்டு தலைநகரங்கள். இந்த நுணுக்கம் 1918-க்குப் பிறகு வேலையைக் காட்டியது.

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நிலவரம் இது: வைமார் (1815 முதல் கிராண்ட் டச்சி) சுமார் 3,600 சதுர கிலோமீட்டர், மைனிங்கன் 2,470, கோபர்க்–கோத்தா 1,980, ஆல்டன்பர்க் 1,320.

நான்கிலும் சிறியதல்ல, பெரியதுமல்ல கோபர்க். ஆனால் உலகெங்கும் சிம்மாசனம் பிடித்தது அதுதான்: 1831-ல் பெல்ஜியத்துக்கு லியோபோல்ட், 1887-ல் பல்கேரியாவுக்கு ஃபெர்டினான்ட், ஆல்பர்டின் வழியே 1901-ல் பிரிட்டன். 1914 செப்டம்பரில் ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு போட்டபோது, சென்னையை ஆண்ட ஐந்தாம் ஜார்ஜின் வம்சப் பெயர் சாக்ஸ்–கோபர்க்–கோத்தா. அது விண்ட்சர் என்று மாறியது 1917-ல்தான். அதே சமயம் கோபர்க்கில் டியூக்காக இருந்தவர் விக்டோரியாவின் பேரன் சார்லஸ் எட்வர்ட், ஜெர்மன் பக்கம்.

ஒன்பதாம் படி: ஒரே ஊரை எடுத்துப் பயிற்சி செய்யுங்கள்

அட்டவணை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஓர் ஊரின் கட்டங்களை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். கோபர்க் இதற்குத் தோதானது. 1353-ல் ஹென்னபெர்க் குடும்பத்துப் பெண் கதரீனாவின் வழியாக அது வெட்டின் வம்சத்துக்கு வந்தது. பெண்ணுக்கு நிலமில்லை என்று சொன்ன வம்சத்துக்குப் பெண் வழியாகவே வந்த நிலம். 1485-ல் எர்ன்ஸ்ட் பங்கு. 1530-ல் லூதர் இந்தக் கோட்டையில் தங்கியிருந்தார். 1572-ல் சிறையிலிருந்த டியூக்கின் மகன்களுக்கு. அவர்கள் அற்றுப்போக, 1640-ல் ஆல்டன்பர்க்குக்கு. 1672-ல் கோத்தாவுக்கு. 1680-ல் ஆல்பிரெக்டுக்கு. 1699-ல் வழக்குக்கு. 1735-ல் சால்ஃபெல்டுக்கு. 1826-ல் கோத்தாவோடு ஜோடி. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் ஒரு சாவோ சகோதரர் கணக்கோ இருந்தால் உங்கள் அட்டவணை சரி. காரணம் இல்லாமல் கைமாறிய கட்டம் இருந்தால் அங்கே ஏதோ ஒரு வாரிசை விட்டிருக்கிறீர்கள்.

மூல ஆவணம் தேடுகிறவர்களுக்கு: காகிதங்கள் பெரும்பாலும் பழைய அரண்மனை ஊர்களிலேயே இருக்கின்றன. துரிங்கியா மாநில ஆவணக் காப்பகத்துக்கு வைமார், கோத்தா, ஆல்டன்பர்க், மைனிங்கன் ஆகிய இடங்களில் கிளைகள் உண்டு. கோபர்க் காகிதங்களை மட்டும் துரிங்கியாவில் தேடாதீர்கள். அவை கோபர்க்கிலேயே, பவேரிய அரசின் காப்பகத்தில் இருக்கின்றன. ஏன் என்பது கடைசிப் படியில்.

பத்தாம் படி: 1918-க்குப் பிறகு வரைபடத்தைத் திறக்கலாம்

1918 நவம்பரில் எல்லா டியூக்குகளும் பதவி இழந்தார்கள். ஒரே டியூக்கின் கீழ் இருந்த இரண்டு டச்சிகளைப் பிணைத்த கயிறு அதோடு அறுந்தது. 1919 நவம்பர் 30 அன்று கோபர்க் மக்களிடம் துரிங்கியாவோடு சேரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 88 பேர் வேண்டாம் என்றார்கள். 1920 மே 1 அன்று மற்ற எர்னஸ்டைன் நிலங்கள், ராய்ஸ், ஷ்வார்ஸ்பர்க் நாடுகள் எல்லாம் சேர்ந்து துரிங்கியா மாநிலம் உருவானது. கோத்தா அதில் சேர்ந்தது. கோபர்க் ஜூலை 1 அன்று பவேரியாவோடு இணைந்தது.

இப்போது இன்றைய வரைபடத்தை எடுத்துத் துரிங்கியா–பவேரியா எல்லையைப் பாருங்கள். கோபர்க்கைச் சுற்றி வடக்கே வளைந்து போகும் அந்தக் கோட்டுக்கு அப்பால் சோனபெர்க்கும் ஹில்ட்பர்க்ஹவுசனும். அவை மைனிங்கன் நிலமாக இருந்தவை. 1945-க்குப் பின் அதே கோடு அமெரிக்க, சோவியத் மண்டலங்களின் எல்லையாகவும், பிறகு இரண்டு ஜெர்மனிகளின் எல்லையாகவும் ஆனது. கோபர்க்கிலிருந்து சோனபெர்க்குக்கு இருபது கிலோமீட்டர்கூட இல்லை. 1919-ல் பவேரியா பக்கம் வாக்களித்தவர்களின் பிள்ளைகள் மேற்கு ஜெர்மனியில் வளர்ந்தார்கள். சோனபெர்க்குக்காரர்கள் 1989 வரை வேலிக்கு அந்தப் பக்கம்.